அந்த ட்யூப் இன்னும் எதற்கு? யூரின் ட்யூபோடு நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கும், வார்டு சிஸ்டர்களுக்கும், மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும், அப்பா முனகும் சத்தம் கேட்டு எழுந்தேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு குழறும், என்ன செய்கிறது என்று சொல்ல வரவில்லை, நெற்றியெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது, நல்ல கையால் அடிவயிற்றைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். தொட்டுப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே தேங்காயை வைத்த மாதிரி கெட்டியாக இருந்தது. கட்டிலோரம் தொங்கும் யூரின் பையைச் சாயங்காலம் நான்தான் காலி செய்தேன், அதற்குப் பிறகு அதில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. ஆனால் வேட்டி நனைந்திருந்தது. ட்யூபுக்குள் வரவேண்டியது ட்யூபைச் சுற்றி ஒழுகிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்து, அவசரப் பிரிவுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. அங்கிருந்த சிஸ்டர், ட்யூப் நழுவாமல் உள்ளே பிடித்துவைக்கும் சின்ன பலூனில் இருந்த தண்ணீரைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு ட்யூபை வெளியே எடுத்தபோது அப்பா அலறியதை எழுத எனக்கு மனம் வரவில்லை. புது ட்யூப் போட்டதும் முக்கால் லிட்டருக்கு மேல் இறங்கியது, கொஞ்ச நேரத்தில் அவர் தூங்கிப்போனார். பழைய ட்யூபை உடனே குப்பையில் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, கையுறை வாங்கி மாட்டி, ட்ரேயில் வைத்து விளக்கடியில் பார்த்தேன். நுனியில் சிறுநீர் நுழைவதற்காக இருக்கும் இரண்டு கண்களில் (துளைகளில்) ஒன்று முழுசாக மூடியிருந்தது, இன்னொன்றில் ஊசி நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. பலூன் இருந்த இடத்தைச் சுற்றி, வெந்நீர் அண்டாவின் அடியில் பிடித்திருக்குமே உப்புக்காரை, அதே மாதிரி வெள்ளையாக, சொரசொரவென்று ஒரு மேலோடு. விரலால் நெருடினால் மணல் மாதிரி நறநறவென்றது. அந்தச் சொரசொரப்போடுதான் அது அப்பாவின் சிறுநீர்ப் பாதை வழியாக வெளியே வந்திருக்கிறது. மேலோட்டுக்கு அடியில் கொழகொழவென்று பழுப்பாக ஒரு படலம், மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி.

நான் 16 வருடமாக ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்துகிறேன். அந்தப் படலத்துக்குப் பெயர் உயிரிப்படலம், பயோஃபிலிம். வருடா வருடம் மாணவர்களுக்குப் படம் வரைந்து காட்டுகிற விஷயம் பதினோரு வாரமாக என் வீட்டுக் கட்டிலில் வளர்ந்திருக்கிறது. எனக்கே தோன்றவில்லை என்றால், ட்யூபும் பையுமாக அப்பாவையோ மாமியாரையோ வீட்டுக்குக் கூட்டிவரும் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் இந்த மடலை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். ட்யூபைப் போடுகிறவர்கள் நீங்கள். அது எதற்கு, எத்தனை நாளைக்கு, அதற்குள் என்ன வளரும் என்று சொல்லியனுப்ப வேண்டியவர்களும் நீங்கள்தான்.

முதலில் அந்தப் படலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உங்களில் பலருக்கு இது தெரிந்ததுதான். ஆனால் எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடத்தில் படித்ததற்கும் ராத்திரி வார்டில் கண்முன்னே இருப்பதற்கும் நடுவே அது எங்கோ விட்டுப்போகிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் விட்டுப்போனது.

பாக்டீரியா என்றதும் நம் மனதில் வருவது என்ன? மைக்ராஸ்கோப்பில் தனித்தனியாக நீந்தும் குச்சிகளும் உருண்டைகளும். சோதனைக் குழாயில் வளர்த்துப் பார்த்தே பழகியதால் வந்த பழக்கம் இது. வெளியுலகில் பாக்டீரியாவில் பெரும்பகுதி அப்படி அலைவதில்லை, எதிலாவது ஒட்டிக்கொண்டு கூட்டமாகத்தான் வாழ்கிறது. குளத்துப் படித்துறையில் காலை வைத்ததும் வழுக்குகிறதே, நாலு நாள் மாற்றாத பூச்சாடியில் காம்பு கொழகொழக்கிறதே, காலையில் பல் துலக்கும் முன் நாக்கால் தடவினால் பல் வழவழக்கிறதே, எல்லாம் அதன் குடியிருப்புதான். 1683ல் ஹாலந்தின் டெல்ஃப்ட் ஊர்க்காரரான லேவன்ஹூக் தன் பல்லிடுக்கு ஊத்தையைச் சுரண்டித் தன் லென்ஸில் வைத்துப் பார்த்து, அதில் நெளியும் உயிர்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். மனிதன் முதன்முதலில் பார்த்த பாக்டீரியாக் கூட்டங்களில் ஒன்று அது, அதுவே ஒரு உயிரிப்படலம். வினிகரால் கொப்பளித்த பிறகும் பல்லிடுக்கில் அப்பியிருந்தவை சாகவில்லை என்பதையும் அவரே கவனித்து எழுதிவைத்திருக்கிறார். இன்று ஆன்டிபயாடிக்கோடு நாம் படும் பாட்டை அந்த மனிதர் மூன்று நூற்றாண்டுக்கு முன்பே வினிகரோடு பார்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு நெடுங்காலம் அந்தப் பக்கம் யாரும் அதிகம் போகவில்லை. 1940களில் கடல் நுண்ணுயிரிகளை ஆராய்ந்த ஸோபெல், பாட்டிலில் இருக்கும் தண்ணீரைவிடப் பாட்டிலின் சுவரில்தான் பாக்டீரியா மும்முரமாக இருக்கிறது என்று காட்டினார். 1970களில் கனடாவின் பில் காஸ்டர்டன் மலையோடைகளில் ஆராய்ந்து, ஓடுகிற தண்ணீரில் இருப்பதைவிடக் கூழாங்கற்களில் ஒட்டியிருப்பதே ஏராளம் என்று கண்டார். 1978ல் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. காஸ்டர்டன் இளவயதில் பஞ்சாபின் பட்டாலாவில் ஒரு கல்லூரியில் சில வருடம் பாடம் நடத்தியவர். இதைச் சொன்னால் என் மாணவர்கள் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரி, ட்யூபுக்கு வருகிறேன். ஃபோலி ட்யூபை, அதாவது அப்பாவுக்குப் போட்டிருந்த மாதிரி பலூன் வைத்த யூரின் ட்யூபை, உள்ளே செலுத்திய சில நிமிடங்களிலேயே சிறுநீரில் இருக்கும் புரதங்களும் உப்புகளும் அதன் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. புது ட்யூப் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் இந்தப் பூச்சு விழுந்ததும் பாக்டீரியாவுக்குப் பிடிமானம் கிடைத்துவிடுகிறது. வெளிப்புறமாகத் தோலிலிருந்தும் மலவாயைச் சுற்றியும் ஏறிவருகிறது, இல்லையென்றால் பையைக் கழற்றி மாட்டும்போது உட்புறமாக ஏறுகிறது. முதலில் தொட்டும் தொடாமலும் ஒட்டும், அந்த நேரத்தில் ஓட்டத்தில் அடித்துப்போகவும் வாய்ப்பு உண்டு. ஒரு கட்டத்தில் நீந்த உதவும் வாலை விட்டுவிட்டு, தன்னைச் சுற்றிப் பசை சுரக்க ஆரம்பிக்கிறது. இந்த முடிவை எடுக்க வைப்பது செல்லுக்குள் இருக்கும் சைக்ளிக் டை-ஜிஎம்பி என்ற ஒரு சின்ன மூலக்கூறு. அதன் அளவு ஏறினால் பாக்டீரியா குடியேறும், இறங்கினால் கிளம்பிவிடும். 1987ல் செல்லுலோஸ் நெய்யும் ஒரு பாக்டீரியாவில் இதைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பசையைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், கொழுப்பு, செத்த செல்கள் விட்டுப்போன டி.என்.ஏ. எல்லாம் கலந்தது அது. உலரவைத்து எடை போட்டால் பெரும்பாலான படலங்களில் பாக்டீரியா பத்தில் ஒரு பங்குகூட வராது, மிச்சமெல்லாம் பசைதான். அதாவது குடியிருப்பவர்கள் கொஞ்சம், கட்டிய வீடு பெரிசு. டி.என்.ஏ. வெறும் குப்பையாகக் கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2002ல் இளம் படலத்தின் மேல் டி.என்.ஏ.வை வெட்டும் நொதியை ஊற்றிப் பார்த்தபோது படலமே கரைந்துபோனது, அப்போதுதான் அது சுவருக்குள் ஓடும் கம்பி மாதிரி என்று புரிந்தது. நடுவே தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள் இருக்கின்றன, அவற்றின் வழியாகச் சாப்பாடு உள்ளே போகிறது, கழிவு வெளியே வருகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் படலத்தில் உள்ளே இருப்பவை பட்டினி கிடந்தால் பொட்டாசியம் அயனிகளை அலையலையாக வெளியே அனுப்புகின்றன, அந்த அலை பட்டதும் ஓரத்தில் இருப்பவை தின்பதைக் குறைத்துக்கொள்கின்றன, உள்ளே சாப்பாடு போய்ச் சேர்கிறது. கலிஃபோர்னியாவில் 2015ல் காட்டியது இது. நரம்பு இல்லை, மூளை இல்லை, ஆனாலும் பந்தியில் கடைசி இலைக்கும் சோறு போகிறதா என்று பார்க்கிற ஒரு ஏற்பாடு! பாடமாக நடத்தும்போது எனக்கு மெய்சிலிர்க்கும். அப்பாவின் உடம்புக்குள் இருந்தது வேறு இனம்தான், ஆனாலும் இப்படி ஒரு கூட்டத்தை மூன்று நாள் மாத்திரையால் விரட்டப் பார்த்தோமே என்று இப்போது நினைக்கிறேன்.

ஆமாம், மாத்திரைகள். அப்பாவுக்கு அந்தப் பதினோரு வாரத்தில் மூன்று தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். காய்ச்சலுக்காக இல்லை. ஒரு தடவைகூடக் காய்ச்சலோ குளிரோ நடுக்கமோ இல்லை. யூரின் கலங்கலாக இருக்கிறது, நாற்றமடிக்கிறது என்று நாங்கள் சொன்னோம், கல்ச்சர் (சிறுநீரில் என்ன பாக்டீரியா வளர்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்துப் பாருங்கள் என்றார்கள், வீட்டுக்கு வந்த லேப் பையன் பையின் அடிக்குழாயைத் திறந்து டப்பாவில் பிடித்துக்கொண்டு போனான். முதல் ரிப்போர்ட்டில் ஈ. கோலை என்ற பாக்டீரியா. மருந்து கொடுத்தோம். இரண்டாவதில் கிளெப்சியெல்லா. நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார்கள். மூன்றாவதில் புரோட்டியஸ் மிராபிலிஸ், மருந்துப் பட்டியலில் பாதிக்கு மேல் வரிசையாக ஆர், ஆர், ஆர், அதாவது அந்த மருந்துகள் கேட்காது. புரோட்டியஸுக்கு நைட்ரோஃபுரான்டாயின் இயல்பிலேயே கேட்காது. முன்னே இருந்தவற்றை ஒதுக்கிக் கொடுத்து அதற்கு நாங்களே வழிவிட்டிருக்கலாம். மூன்று தடவையும் ட்யூபை மாற்றவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ட்யூப் போட்டிருக்கும் ஒருவருடைய சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு ஒரு நாளைக்கு 3 முதல் 7 சதவீதம் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு மாதம் ஆனால் அநேகமாக எல்லாருக்கும் இருக்கும். ஆக, மாதக்கணக்கில் ட்யூபோடு இருப்பவருக்குக் கல்ச்சர் எடுத்தால் ஏதாவது வளரத்தான் செய்யும், வளராவிட்டால்தான் ஆச்சரியம். கலங்கலும் நாற்றமும் மட்டும் வைத்து நோய்த்தொற்று என்று முடிவு கட்டக்கூடாது, அறிகுறி இல்லாதவருக்குக் கல்ச்சரும் வேண்டாம் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல்கள் வெளியாகிப் பல வருடம் ஆகின்றன. (கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்யப்போகிறவர்கள் மாதிரிச் சிலருக்கு மட்டும் விதிவிலக்கு.) உண்மையிலேயே தொற்று என்று சந்தேகப்பட்டு, ட்யூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், பழைய ட்யூபை எடுத்துவிட்டுப் புதிதிலிருந்துதான் சாம்பிள் எடுக்கவேண்டும் என்றும் அதே சங்கம் சொல்கிறது. காரணம் லேசில் புரியக்கூடியது. பழைய ட்யூபிலிருந்து வருவது ட்யூபின் சுவரில் குடியிருப்பவற்றின் கணக்கு, சிறுநீர்ப்பையின் கணக்கு இல்லை. பையிலிருந்து பிடித்ததோ அதையும்விட மோசம், அது சாயங்காலம் வரை வெதுவெதுப்பாக ஊறிக்கிடந்த தண்ணீர்.

ரிப்போர்ட்டில் எஸ், அதாவது கேட்கும், என்று போட்டிருக்கும் மருந்துகூட ஏன் வேலை செய்வதில்லை? லேபில் சோதிப்பது தனித்தனியாக நீந்தும் பாக்டீரியாவின் மேல். அதே பாக்டீரியா படலமாக இருக்கும்போது சில மருந்துகளை ஆயிரம் மடங்கு வரை தாங்கும். பசை சில மருந்துகளைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, ஆழத்தில் இருப்பவை சாப்பாடும் ஆக்சிஜனும் குறைந்து ஏறக்குறைய வளராமல் கிடக்கின்றன, நம் ஆன்டிபயாடிக்குகள் பல வளர்கிற செல்லைத்தான் கொல்லும். இதுபோக ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு சில செல்கள் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு உறங்கிக்கொண்டிருக்கும். 1944ல் ஜோசப் பிக்கர் பெனிசிலினில் தப்பிப் பிழைத்தவற்றைப் பார்த்து இவற்றுக்கு ‘பெர்சிஸ்டர்’ என்று பெயர் வைத்தார். மருந்து போய்விட்டது என்றதும் இவை விழித்து மறுபடியும் குடும்பத்தைப் பெருக்கும். நெருங்கி வாழ்கிற இடம் என்பதால் மருந்தை எதிர்க்கும் மரபணுக்களையும் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். ட்யூபை உள்ளேயே விட்டுவிட்டு மருந்து மட்டும் கொடுப்பது அவற்றுக்குப் பயிற்சி கொடுக்கிற மாதிரிதான்.

அப்புறம் அந்த ஊதா நிறம். இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆவணி கடைசியில் ஒருநாள் காலையில் அம்மா பதறிப்போய்க் கூப்பிட்டாள், பார்த்தால் பையும் அதற்கு வரும் குழாயும் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கின்றன. யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று அத்தை அழுதாள், கண்ணேறு கழிக்க மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள். போன் போட்டுக் கேட்ட இடத்தில் ‘அப்படியெல்லாம் ஆகாதே, எதற்கும் கூட்டிவாருங்கள்’ என்றார்கள். எனக்கு இதைப் பற்றித் தெரிந்திருந்தது, ஆனால் பார்த்தது அன்றுதான். சாப்பாட்டுப் புரதத்தில் இருக்கும் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைக் குடல் பாக்டீரியா இண்டோல் என்ற பொருளாக மாற்றுகிறது, கல்லீரல் அதை இன்னொன்றாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது, ட்யூபிலும் பையிலும் குடியிருக்கும் புரோட்டியஸ், கிளெப்சியெல்லா, பிராவிடென்சியா போன்றவை அதை உடைத்து நீலமும் சிவப்புமாக இரண்டு சாயங்களை உண்டாக்குகின்றன, இரண்டும் கலந்து பிளாஸ்டிக்கில் ஊறினால் ஊதா. அந்த நீலம் வேறெதுவும் இல்லை, அவுரிச் செடியிலிருந்து துணிக்குப் போடுகிற அதே இண்டிகோதான். மலச்சிக்கல் இருந்தால் இது அதிகம் வரும், அப்பாவுக்கு அப்போது நாலு நாளாகப் போகவில்லை. நிறத்தால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் ட்யூபில் காரத்தன்மையை ஏற்றும் கூட்டம் குடியேறிவிட்டது என்று அது கையில் எழுதிக் கொடுத்த சீட்டு மாதிரி. நான் அன்றே ட்யூபை மாற்றச் சொல்லி நின்றிருக்கவேண்டும். பையை மட்டும் மாற்றினோம்.

புரோட்டியஸைப் பற்றி நான் வகுப்பில் நிறையப் பேசுவேன். பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில் நடுவில் ஒரு புள்ளி வைத்தால் மறுநாள் காலையில் குளத்தில் கல் விழுந்த மாதிரி வளையம் வளையமாகத் தட்டு முழுக்கப் பரவியிருக்கும், அவ்வளவு அழகு. அதனிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. சிறுநீரில் இருக்கும் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். அமிலமாக இருந்த சிறுநீர் காரமாக மாறும், காரம் ஏறியதும் அதில் கரைந்திருந்த மெக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிகமாக இறங்கும். படலத்தின் பசையில் அந்தப் படிகங்கள் மாட்டிக்கொண்டு, அடுக்கடுக்காகச் சேர்ந்து, ட்யூபின் கண்களை அடைக்கும். நீண்ட நாள் ட்யூபோடு இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு என்றாவது ஒருநாள் இந்த அடைப்பு வருகிறது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்டிக்லர் தன் ஆய்வுக்காலத்தில் பெரும்பகுதியை இதற்காகவே செலவிட்டார். நிறையத் தண்ணீர் குடித்து, எலுமிச்சைச் சாறு மாதிரி சிட்ரேட் உள்ளதையும் சேர்த்துக்கொண்டால் படிகம் இறங்குவது தள்ளிப்போகும் என்று அவருடைய குழு காட்டியது. எலுமிச்சைச் சாறு! எங்கள் கொல்லையில் மரமே இருக்கிறது. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

வெள்ளி பூசிய ட்யூபைப் போட்டிருக்கலாமே என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. பிரிட்டனில் ஏழாயிரம் நோயாளிகளுக்கு மேல் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவு 2012ல் வந்தது. சில நாட்களுக்குப் போடும் ட்யூபில் வெள்ளிப் பூச்சால் அறிகுறியுள்ள தொற்று குறையவில்லை. பூச்சின் மேலேயே சிறுநீரின் புரதம் படிந்துவிடும் என்பதை நினைத்தால் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. 1966ல் அமெரிக்காவில் குனினும் மெக்கார்மக்கும் காட்டிய, செலவே இல்லாத விஷயம் இன்றும் நிற்கிறது. ட்யூபையும் பையையும் இணைத்த இடத்தைத் திறக்காமல் மூடியபடியே வைத்திருந்தால் தொற்று தள்ளிப்போகிறது. அதற்கு முன்னால் திறந்த ஜாடியில் விட்ட காலத்தில் நாலே நாளில் அநேகமாக எல்லாருக்கும் தொற்று வந்துவிடும். அப்பாவை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது பையைத் தூக்கி அவர் மடியிலேயே வைத்தார்கள், பையில் இருந்தது திரும்ப ஓடிப்போவதை நான் குழாயில் பார்த்தேன். வீட்டில் குளிப்பாட்டும்போது பையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் திரும்ப மாட்டியது நாங்கள். தப்பு என்று யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

இனி நான் சொல்ல வந்தது. ஐப்பசி ராத்திரிக்குப் பிறகு ட்யூப் ஒழுங்காக மாறியது, அடைப்பு இல்லை. மார்கழியில் வேறொரு டாக்டரிடம் பிசியோதெரபி விஷயமாகப் போயிருந்தோம். வயதில் சின்னவர். அப்பாவின் கையைத் தூக்கிப் பார்த்தார், நடக்க வைத்துப் பார்த்தார், பையைப் பார்த்தார், ‘இது எதற்கு இன்னும் இருக்கிறது?’ என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தோம், நான்கு பக்கம், கடைசிப் பக்கத்தில் ஃபோலி ட்யூப் இருக்கிறது என்று ஒரே வரி. போட்ட தேதி இல்லை, காரணம் இல்லை. பக்கவாதம் வந்த முதல் நாட்களில் சிறுநீர் கட்டிக்கொண்டதால் போட்டிருப்பார்கள், அப்போது அது தேவைதான். மறுநாள் காலையில் எடுத்தார்கள். பகலெல்லாம் உட்கார்ந்து பார்த்தோம். பத்தே முக்காலுக்கு அப்பா குழறியபடி ‘வருது’ என்றார். போனார். மீதி எவ்வளவு நிற்கிறது என்று ஸ்கேனில் பார்த்தார்கள், கவலைப்படும் அளவு இல்லை. ஐந்து மாதம் அது உள்ளே இருந்திருக்கிறது. எத்தனை மாதத்துக்கு முன்பே எடுத்திருக்கலாம் என்று எனக்குத் தெரியாது, யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

உங்களைக் குறைசொல்லிச் சண்டை போட நான் எழுதவில்லை. ஒரு ட்யூட்டியில் எத்தனை படுக்கைகளைப் பார்க்கிறீர்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். இது உங்கள் ஒரு இடத்துப் பிரச்சனையும் இல்லை. 2000ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், தன் நோயாளிக்கு ட்யூப் இருக்கிறதா என்று டாக்டர்களைக் கேட்டபோது, ட்யூப் இருந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. போர்வைக்கு அடியில் இருப்பதை யாரும் நினைப்பதில்லை. ஆனால் ‘இது இன்னும் வேண்டுமா’ என்று தினமும் நினைவூட்டும் ஒரு சீட்டோ, குறித்த நாளில் தானாக எடுத்துவிடும் உத்தரவோ வைத்த இடங்களின் ஆய்வுகளை 2010ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது ட்யூபால் வரும் தொற்று பாதியாகக் குறைந்திருந்தது. புது மருந்து எதுவும் இல்லாமல் ஒரு கேள்வியால் மட்டும் நடந்தது அது. ட்யூபை எடுத்துவிட்டால் படலத்துக்கு ஒட்ட இடமே இல்லை. அதை வெல்ல இதுவரை நமக்குத் தெரிந்த நிச்சயமான வழி அதுதான்.

உண்மையிலேயே ட்யூப் வேண்டியவர்கள் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், அறுவை செய்யமுடியாத அடைப்பு உள்ளவர்கள். அவர்களுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அடிக்கடி அடைத்துக்கொள்கிறவருக்கு அடைக்கும் முன்பே மாற்றவேண்டும். ஆனால் என்றைக்குப் போட்டது என்றே தெரியாவிட்டால் எந்தக் கணக்கும் போடமுடியாது.

ஆகவே கேட்பது ஒன்றுதான். ட்யூபோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது, பையில் கட்டித் தொங்கவிடுகிற மாதிரி தமிழில் ஒரு சீட்டு கொடுங்கள். நான் ஒன்று எழுதி எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் கட்டிவைத்திருக்கிறேன். என் பெயர் வேண்டாம், அனுமதியும் வேண்டாம், அப்படியே எடுத்து உங்கள் முத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள், தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்:

“ட்யூப் போட்ட தேதி: ______. எதற்காக: ______. எடுத்துப் பார்க்கவேண்டிய தேதி அல்லது மாற்றவேண்டிய தேதி: ______. அழைக்கவேண்டிய எண்: ______. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும், தரையில் படவேண்டாம். பையையும் ட்யூபையும் இணைத்த இடத்தை நீங்களாகப் பிரிக்காதீர்கள். யூரின் கலங்கலாக இருந்தாலோ நாற்றமடித்தாலோ மட்டும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. காய்ச்சல், குளிர், நடுக்கம், திடீர்க் குழப்பம், விலாவில் வலி, ரத்தம் இருந்தால் உடனே வாருங்கள். பையில் நான்கு மணி நேரம் எதுவும் இறங்கவில்லை, வயிறு கெட்டியாக இருக்கிறது, ட்யூபைச் சுற்றி ஒழுகுகிறது என்றால் ராத்திரியானாலும் காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு தடவை டாக்டரைப் பார்க்கும்போதும் கேளுங்கள்: இந்த ட்யூப் இன்னும் வேண்டுமா?”

இப்படிக்கு,
ஒரு நுண்ணுயிரியல் ஆசிரியை,
திருநெல்வேலி